ஆர்கெஸ்ட்ரா வளர்ந்த கதையை நான் சொன்ன காலை

ஆண்டு சொல்லாமல் எதையும் பேச எனக்கு வராது. பந்தியில் ரசம் ஊற்றினால்கூட, மிளகாய் நம் நாட்டுக்கு எந்த நூற்றாண்டில் வந்தது என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் பிசைவேன். (பாவம், அவர் பாயசத்தோடு எழுந்துவிடுவார்.)

இந்த வியாதி தெரிந்தும் விழா ஏற்பாட்டாளர் செல்வராஜ் என்னைப் பேச அழைத்தது அவர் தலைவிதி. மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆர்கெஸ்ட்ரா போர்ட் பிளேருக்கு வந்திருந்தது. சினிமாப் பாட்டுக் குழு இல்லை. வயலினும் செல்லோவும் கொம்புமாக நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கும் மேல்நாட்டு வகை. அந்த நாற்பதில் உள்ளூர்க்காரர் ஒருவர்தான்: என் மனைவி வசந்தி. நாற்பத்தொரு வயதில் கிளாரினெட் பழகியவள். கீழ் வீட்டு பெங்காலி அம்மாள், "கௌன்சா ஷிப் ஆயா?" என்று, எந்தக் கப்பல் வந்து ஊதுகிறது எனக் கேட்பதை நிறுத்திய நாளில்தான் அவள் தேறிவிட்டாள் என்று தெரிந்துகொண்டோம். அன்று அவளுக்கு அரை நிமிடம் தனி வாசிப்பு. அதற்கு எட்டு மாதப் பயிற்சி.

அதற்கு முன்னால் எனக்குப் பத்து நிமிடம், "ஆர்கெஸ்ட்ராவின் வளர்ச்சி" என்ற தலைப்பில்.

பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் வயலின் உருவாகிக்கொண்டிருந்தபோது செல்வராஜிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. "இவங்க திரும்பிப் போற ஷிப் டைம் முன்னாடி ஆயிடுச்சு. பதினோரு மணிக்கு ஹேடோ துறைமுகத்துல சாமான் ஏத்தணும். ரெண்டு நிமிஷத்துல முடிங்க."

படித்தேன். புரிந்தது. கடிகாரத்தையும் பார்த்தேன். வியர்த்தது. ஆனால் முந்நூறு ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்க மனசாட்சி இடம் தரவில்லை. தடியால் தரையைத் தட்டித் தாளம் காட்டி, தன் கால்விரலையே இடித்துக்கொண்டு, புண் புரையோடிச் செத்த பாரிஸ் இசைத் தலைவரை எப்படி விடுவது?

செல்வராஜ் மேடை ஓரத்தில் கைகளைக் கத்தரிபோல் வெட்டிக் காட்டினார். முன்வரிசையில் தலைமை விருந்தினர் கண்மூடி லயித்திருந்ததால் (குறட்டை பிறகுதான் கேட்டது) என்னை இழுத்து உட்காரவைக்க செல்வராஜுக்குத் துணிவில்லை.

"அரே சார், ஜல்தி!" என்று கிசுகிசுத்தார்.

"கொம்பு இப்பதான் வேட்டைக்காட்டுல இருந்து உள்ள வருது" என்றேன்.

"அது வர்றது இருக்கட்டும். எல்லாம் வெளிய போவுது, சார்!"

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. "சைடு, அண்ணா, படா வாலா பஹ்லே" என்று துறைமுகத் தொழிலாளி ஒருவர் என் முதுகை உரசியபடி இருப்பதிலேயே பெரிய டபுள்பாஸை முதலில் தூக்கிப் போனார். திரும்பிப் பார்த்தால் பேச்சின் இழை அறுந்துவிடும். வேகத்தைக் கூட்டினேன். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கிளாரினெட் பிறந்தபோது முரசுகள் படியிறங்கின. பித்தளைக் கொம்புகளுக்கு வால்வு பொருத்தியபோது செல்லோக்கள் போயின. சபை சிரித்தது. என் நகைச்சுவை எடுபடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்படியாக, நாலைந்து வயலின்களில் தொடங்கியது, இன்று மாபெரும் குழுவாக உங்கள்முன் நிற்கிறது!" என்று கைகளை விரித்துத் திரும்பினேன்.

நாற்பது நாற்காலிகள். முப்பத்தொன்பது காலி. நடுவில் வசந்தி, மடியில் கிளாரினெட்டோடு.

கைதட்டலில் விழித்த தலைமை விருந்தினர், "பஹுத் அச்சா ம்யூசிக்!" என்றார்.

வசந்தி என்னைப் பார்த்தாள். "முடிஞ்சுதாங்க? இல்ல, இன்னும் ஒரு நூற்றாண்டு பாக்கி இருக்கா?"

அப்போது ஹேடோ பக்கமிருந்து கப்பல் ஊதியது.

அந்த அரை நிமிடத்தை ஆர்கெஸ்ட்ராவோடு அவள் இன்றுவரை வாசிக்கவில்லை. வீட்டில்தான் வாசிக்கிறாள். விருந்தாளியிடம் நான் "ஆயிரத்து எழுநூற்று..." என்று வாயெடுத்தால் போதும், உள்ளறையில் கிளாரினெட் தொடங்கிவிடும். கடைசிச் சுரம் வரை விடமாட்டாள். முடிந்ததும் எங்கள் மகள் விருந்தாளியிடம், "அங்கிள், அப்பா நிறுத்திட்டாரு. இப்பவே ஓடிடுங்க" என்பாள்.

அவர் ஓடிவிடுகிறார். நான் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகத்தான் வாசிக்கிறாள்.