ஒருவரும் பேசாத இணைப்பு

தொலைபேசியைப் பேசுவதற்கு வைத்திருப்பவர்கள் ஒரு ரகம். கடன்காரன் கூப்பிட்டால் எடுக்காமலிருப்பதற்கென்றே வைத்திருப்பவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. நீங்கள் பெரிய கம்பெனி எதிலாவது வேலை பார்த்திருந்தால் அவர்களிடம் மாட்டியிருப்பீர்கள். தொலைபேசியை வெட்டுவதற்கென்றே பிறவி எடுத்தவர்கள் அவர்கள். அறைக் கதவில் 'தொலைத்தொடர்புக் கொள்முதல் மற்றும் ஒப்பந்தங்கள்' என்று பலகை தொங்கும். அந்தப் பலகையையே எழுத்துக்கு இவ்வளவு என்று பேசி, பிறகு இடைவெளிக்கெல்லாம் காசு தரமாட்டேன் என்று கழித்துக்கொண்டு வாங்கியிருப்பார்கள்.

கெய்ரோவில் மக்ரோனி தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்றில் இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி ஒருவர் இருந்தார். பெயர் லுத்ஃபி ஷஹாத்தா. கெய்ரோவில் காரியம் ஆகவேண்டுமென்றால் யாரும் பாஷாதான், ஆகவே இவர் லுத்ஃபி பாஷா.

பாஷாவின் மேசையில், வருபவர் உட்காரும் பக்கத்தில், பாதி குடித்த காப்பிக் கோப்பை ஒன்று எப்போதும் இருக்கும். தொலைபேசிக் கம்பெனியின் விற்பனையாளர் வஜ்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, விலைப்பட்டியலை எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி உட்கார்ந்ததும், பாஷா அந்தக் கோப்பையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார்.

"இப்பதான்யா உன் போட்டிக்காரன் எழுந்து போனான். நான் சொன்ன விலையைக் கேட்டான் பாரு, பாவம், காப்பி தொண்டைல இறங்கல."

காப்பியின் மேல் பூஞ்சை படர்ந்திருப்பதை வஜ்தி பார்ப்பார். பார்க்காதவர்போல் சிரிப்பார். அவருக்கும் ஒரு காப்பி சொல்லப்படும். அது வராது. எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

"பாஷா, இதான் கடைசி விலை. இதுக்கு மேல குறைச்சா என் வேலை போயிடும்."

"சரி. கடைசி விலைக்கு அடுத்த விலை என்ன?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்கள்தான் சொல்லுங்களேன். தெருமுனையில் கொய்யாப்பழம் விற்பவன் இதே கேள்விக்குப் பதில் தெரியாமல்தான், பாஷாவின் தலை தெரிந்தவுடன் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தான்.

இப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை வந்தது. கம்பெனியின் தொழிற்சாலைகள், கிடங்குகள், கடைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொள்முதல் இயக்குநர் என்று ஒரு புதிய பதவியை முதலாளி ரவூஃப் ஹாஜியார் உண்டாக்கப் போவதாகப் பேச்சு. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அறிவிப்பாம். ஹாஜியார் சிக்கனத்தின் மடியில் வளர்ந்தவர். அவர் மனம் குளிரும்படி எதையாவது வெட்டிக்கொண்டு போனால் நாற்காலி நமக்குத்தான் என்று பாஷா கணக்குப் போட்டார். தொலைபேசிக் கம்பெனி அனுப்பும் அறிக்கைகளைப் பிரித்துப் பார்த்தவர் துள்ளிக் குதித்தார். வருஷக்கணக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசப்படாத இணைப்புகள்! மாதம் தவறாமல் வாடகை!

கட்டட நிர்வாகத்தைப் பார்க்கும் மதாம் இன்ஸாஃபுக்கு மனசு கேட்கவில்லை.

"அதெல்லாம் எங்கெங்கே இருக்குன்னு ஒரு நடை போய்ப் பாத்துடலாமே. நாளைக்கு ஒண்ணுன்னா என் தலையில இல்ல விடியும்?"

"பேசாத ஃபோன் எங்க இருந்தா என்ன மதாம்? நாம என்ன அதுக்குப் பொண்ணா பாக்கப் போறோம்?"

வஜ்தியும் சொல்லிப் பார்த்தார். "பாஷா, சில இணைப்பு பேசாம இருக்கிற வரைக்கும்தான் நமக்கு நல்லது. பேச வேண்டி வந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கணும்."

"அடடா, எனக்கு அழுகையே வந்துடும்போல இருக்கு. யாரும் பயன்படுத்தாததுக்கு நாம எதுக்கு மாசாமாசம் குடுக்கணும்னு ஹாஜியாருக்கே எழுதிட்டேன். எல்லாத்தையும் வெட்டு."

வெட்டினார்கள். அத்தோடு நிற்பாரா? அலுவலகத்தில் எல்லாருடைய கைபேசியையும் இருப்பதிலேயே மலிவான இன்னொரு கம்பெனிக்கு மாற்றினார். ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டினால் பேச்சு நன்றாகவே கேட்கும் என்று நற்சான்றும் கொடுத்தார்.

கூட்ட நாள் வந்தது. புதுச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து, கையில் சிக்கனச் சாதனைகளின் தொகுப்பு. கீழே லிஃப்ட் வாசலில் வஜ்தி மிச்சமிருந்த இணைப்புகளின் ஒப்பந்தத்தோடு காத்திருந்தார். மேலே போகும் நேரத்தை வீணாக்குவானேன் என்று பாஷா அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டு பேரத்தை ஆரம்பித்தார். பாதி வழியில் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. நின்றது.

பாஷா மணிப் படம் போட்ட பொத்தானை அமுக்கினார். சுவரிலிருந்து ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது.

"அன்பான வாடிக்கையாளரே, தங்களின் வேண்டுகோளுக்கிணங்க இந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது. இந்த நாள் தங்களுக்கு இனிய நாளாகட்டும்."

"எந்த முட்டாளோட வேண்டுகோள்?" என்று கத்தினார் பாஷா.

வஜ்தி தரையைப் பார்த்தார். "உங்களோடதுதான், பாஷா."

பாஷாவின் கைபேசி செத்துக் கிடந்தது. கழுத்தை நீட்ட அங்கே ஜன்னல் ஏது? கதவைத் தட்டினார், உதைத்தார், சப்பாத்தின் பளபளப்புதான் போனது. மேலே அவருடைய நாற்காலி, இங்கே அவர். உண்மையாகவே பயம் வந்து முதுகில் வேர்த்தது. அப்போதுதான் வஜ்தியின் கைபேசி சிணுங்கியது. யாரோ வாழ்த்துப் படம் அனுப்பியிருந்தார்கள்.

"உனக்கு சிக்னல் இருக்கா? குடு இப்படி!"

"தாராளமா, பாஷா. இந்த லிஃப்ட் இணைப்பைத் திரும்பப் போடச் சொல்லி ஒரு கையெழுத்து மட்டும்." காகிதம் பையில் தயாராக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். நீங்கள் போட்டிருப்பீர்கள், நான் போட்டிருப்பேன். பாஷா காகிதத்தை முதல் வரியிலிருந்து படித்தார்.

"புது இணைப்புக் கட்டணமா? இது பழைய இணைப்புதானே!"

"இதான் கடைசி விலை, பாஷா."

"கடைசி விலைக்கு அடுத்த விலை?"

"அடுத்தது, ராத்திரி நாம ரெண்டு பேரும் இங்கயே படுத்துக்கறது."

பாஷா அசரவில்லை. வாடகையைக் குறை என்றார், முன்பணத்தைத் தள்ளு என்றார், போட்டிக்காரன் பேரைச் சொன்னார், பூஞ்சைக் கோப்பை கைவசம் இல்லாததற்கு வருந்தினார். வஜ்திக்கும் பசி எடுத்தது. கடைசியில் கட்டணத்தில் பாதிதான் என்று முடிந்தது. ஜெயித்துவிட்டார்! அந்தப் பூரிப்போடு கையெழுத்துப் போட்டு, கைபேசியை வாங்கி மதாம் இன்ஸாஃபை அழைத்தார்.

ஆட்கள் வந்து கதவை நெம்பித் திறந்தார்கள். மதாம் இன்ஸாஃப் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"நேத்து இதே லிஃப்டுல ஹாஜியார் தனியா வந்தார். நெஞ்சுவலிக்காரர். நேத்து இது நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

பாஷாவுக்கு அது காதில் விழவில்லை. "கூட்டம்? என் பதவி?"

"கூட்டம் முடிஞ்சு எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. உங்க நாற்காலி கடைசி வரைக்கும் காலி. ஹாஜியார் அதையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் உங்க வாக்கியத்தையே எடுத்துச் சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"'யாரும் பயன்படுத்தாததுக்கு நாம எதுக்கு மாசாமாசம் குடுக்கணும்?'னார். அந்தப் பதவியையே வெட்டிட்டார். உங்களாலதான் இவ்வளவு மிச்சம்னு எல்லாரும் கைதட்டினாங்க."

பாஷா படியில் இறங்கி வீட்டுக்குப் போனார். வழியில் கொய்யாப்பழ வண்டி திறந்தே இருந்தது. அன்று அவர் விலைகூடக் கேட்கவில்லை என்பார்கள். நான் நம்பவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போது எங்காவது ஓரிடத்தில், 'இந்தக் கொய்யாப்பழக்காரன் எதற்கு, இவனை எடுத்துவிட்டால் கதையின் நீளம் குறையுமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியதா இல்லையா? அப்படியானால் வாருங்கள் பாஷா, லிஃப்ட் இந்தப் பக்கம்.