வளாகமான வீடு

பசளைப் பங்கீட்டு அலுவலகக் கணினியில், யூரியாவுக்கு அனுமதி வழங்கும் மென்பொருளொன்று சகல மரியாதைகளுடனும் நிறுவப்பட்டிருந்தது. அதை இயக்கத் தெரிந்தவள் கேதீஸ்வரி ஒருத்திதான். மாரி மழையில் வவுணதீவு வீதி மூழ்க, அவளால் வாவியைத் தாண்டி அலுவலகத்துக்குப் போக முடியவில்லை. வயல் வட்டையிலே யூரியா இல்லாமல் பயிர் மஞ்சளிக்கத் தொடங்கிற்று. பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை அவளுக்கு. வீட்டு மடிக்கணினியிலிருந்தே அலுவலகக் கணினியைத் தூர இணைப்பில் திறந்து, விவசாயிகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டாள்.

உடனே நல்லரத்தினம் சேரின் அழைப்பு வந்தது. அவர் அலுவலகத் தலைவர். மென்பொருளின் உரிம நிபந்தனைகளை முழுவதும் வாசித்த ஒரேயொரு மனிதப் பிறவி.

“மிஸ், உரிமம் பெற்ற வளாகத்துக்குள்ள மட்டும்தான் பாவிக்கலாம் எண்டு போட்டுக் கிடக்கு.”

“மென்பொருள் அங்கதானே சேர் ஓடுது. என்ட கைதான் இங்க.”

“கண்?”

“கண்ணும் இங்கதான்.”

“பாரதூரமான விசயம். குடுத்த அனுமதியெல்லாம் ரத்து.”

“பயிர் செத்துப்போகும் சேர்!”

“பயிருக்கு உரிமம் தேவையில்ல. நமக்குத் தேவை.”

குழு கூடி ஆழ்ந்து பரிசீலித்தது. கேதீஸ்வரி வளாகத்துக்கு வர இயலாதாகையால், வளாகம் கேதீஸ்வரியிடம் செல்வதெனத் தீர்மானிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை தோணியில் பெயர்ப்பலகையும் ஒரு செக்குரிட்டியும் வந்திறங்கினார்கள். அவள் வீடு வளாகமாயிற்று. அன்று முழுவதும் குசினிச் சட்டிபானைகளுக்கு அரச இலக்கம் எழுதுவதிலேயே அவளுக்குப் பொழுது போனது.

மத்தியானம் வயலிலிருந்து அவள் புருசன் விஜிதரன் வந்தான்.

“வந்த அலுவல்?” என்றான் செக்குரிட்டி.

“சோறு தின்ன.”

“ஆரைச் சந்திக்கணும்?”

“என்ட பொஞ்சாதியை.”

“மிஸ் சாப்பாட்டு இடைவேளையில. மறுகா வாங்க.”

உள்ளே கேதீஸ்வரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. அந்தச் சிரிப்பு பின்னேரம் வரைதான். சனி, ஞாயிறு வளாகம் மூடல் என்று செக்குரிட்டி அவளையும் வெளியே விட்டுக் கதவைப் பூட்டினான். புருசனும் பொஞ்சாதியும் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை விடியவே படலையில் சனம் திரண்டு நின்றது. கதவு திறந்ததும் அவள் ஓடிப்போய்க் கணினியைப் போட்டாள்.

“யூரியாதானே அண்ணன்?” என்றாள், முன்னுக்கு நின்ற உதயரூபனிடம்.

“யூரியா கிடக்கட்டும் தங்கச்சி. வளாகமெண்டா கரண்ட் பில் அரசாங்கம் கட்டுமாமே? எங்கட வீட்டையும் ஆக்கித் தாங்களன்.”

“பயிர் மஞ்சளிக்குதே!”

“வயலையும் சேர்த்து ஆக்குங்க. மறுகா அது அரச பயிர். அரசாங்கமே பார்க்கும்.”

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் “ஓம், ஓம்” என்றார்கள். அவள் பதறிப்போய் நல்லரத்தினத்துக்கு அழைத்தாள்.

“சேர், ஊரே வீட்டை வளாகமாக்கக் கேட்டு நிக்குது!”

மறுமுனையில் மழைச் சத்தம் இரைந்தது. அதற்குள்ளிருந்து அவர் மெதுவாகச் சொன்னார்:

“என்ட வீட்டை நேத்தே ஆக்கிப்போட்டன் மிஸ். செக்குரிட்டி உள்ள விடுறான் இல்ல. கட்டின சாரத்தோட ரோட்டுல நிக்கிறன்.”