மிளகாய் மண்டிக்கு மேலே பி.ஏ.

சேசு மரி சூசை துணை

அரூர்,
அக்டோபர் 1986

சேலம் மகா கனம் பொருந்திய சம்பந்தி செபாஸ்டின் அவர்கள் சமூகத்துக்கு, அரூர் பங்குக் கோயில் உபதேசியார் மரியசூசை தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நான், என் மனைவி வேளாங்கண்ணி, உங்கள் வருங்கால மருமகள் இசபெல்லா மூவரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அங்கே தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை அருள்நாதனும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் சந்தேகமில்லை. உங்கள் வீட்டில் யாரும் அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கவில்லை அல்லவா.

நிச்சயம் செய்த அன்று தாங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். மூத்த மருமகள் பெயருக்குப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் பி.ஏ. என்று இருந்தது, இளையவள் பெயர் மொட்டையாக நின்றால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்றீர்கள். நியாயம்தான். பிளஸ் டூவோடு நின்றிருந்த பெண்ணைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியில் சேர்த்தேன். பாடமெல்லாம் தபாலில் வரும், நேர்முக வகுப்புக்கு மட்டும் தர்மபுரி போகவேண்டும் என்றார்கள். கொஞ்ச நாளில், இனி அலைய வேண்டாம், வகுப்பையே உங்கள் ஊருக்குக் கொண்டுவருகிறோம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு நான் சூசையப்பருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அந்த மெழுகுவர்த்தியை இப்போது திருப்பிக் கேட்க முடியாது என்பதால் சும்மா இருக்கிறேன்.

முதலில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு அறையைக் கொடுத்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் வரலாறு பி.ஏ. வகுப்பு. வயசுப் பெண்ணைத் தனியாக விடக்கூடாதென்று நானும் பூசை முடிந்த கையோடு ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் முனிராஜ் என்று ஒரு போலீஸ்காரர். பதவி உயர்வுக்குப் படிக்கிறவர், நல்ல உடம்பு. வருகைக்குப் பெயர் கூப்பிட்டபோது “உள்ளேன் ஐயா” என்று எழுந்தார், பெஞ்சும் கூடவே எழுந்தது. இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் பெஞ்சை இழுக்க, பெஞ்சு உடைந்தது, போலீஸ்காரர் பிழைத்தார். மறுநாளே தலைமையாசிரியர் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அடுத்ததாக மைய ஒருங்கிணைப்பாளர் பச்சியப்பன், தன் மைத்துனருடைய மிளகாய் மண்டிக்கு மேலே இருக்கும் கொட்டகையைப் பிடித்துக் கொடுத்தார். கீழே வற்றல் மூட்டையைக் கொட்டிப் புடைப்பார்கள், மேலே பானிப்பட் யுத்தம் நடக்கும். இப்ராகிம் லோடி செத்ததற்கு டெல்லியில் யார் அழுதார்களோ தெரியாது, அரூரில் முப்பது பேர் மூக்கைச் சிந்தி அழுதோம். கரும்பலகை கிடையாது. கதவுக்குக் கருப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். மூட்டைக்காரர் யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால், எழுதிய யுத்தம் பாதியில் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். அவர் போகும்வரை பாபரும் நாங்களும் காத்திருப்போம். இரண்டு ஞாயிறு இதைத் தாங்கிய பேராசிரியர், மூன்றாவது ஞாயிறு வரவில்லை. பிறகும் வரவில்லை. பச்சியப்பனைக் கேட்டால், “அவருக்கு ஒடம்பு சரியில்லீங்க. அட்டெண்டன்ஸ் போட்டுடறேன், நீங்களே படிச்சுக்குங்க” என்கிறார். நாங்களே படித்துக்கொள்வதென்றால் வீட்டிலேயே படிக்க மாட்டோமா, இதற்கு மண்டிக்கு வந்து தும்ம வேண்டுமா?

அங்கே தங்கம்மாள் என்று ஒரு சத்துணவு அமைப்பாளர் படிக்கிறார். அந்த அம்மாள்தான் ஆரம்பித்துவைத்தது. “இசபெல்லா, நீ பாடத்தப் படிச்சுட்டுத்தான வந்திருக்க? புரிஞ்ச வரைக்கும் எந்திரிச்சுச் சொல்லு கண்ணு” என்றார். என் பெண் கோயிலில் வாசகம் வாசிக்கக்கூட வெட்கப்படுகிறவள். எழுந்தாள். கதவில் எழுதினாள். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற வேடியப்பன் என்கிற பையன், “ஏங்க்கா, செயிச்சவன் அந்த நெலத்தயெல்லாம் யாருக்குக் குடுத்தான்?” என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. “தெரியலைங்க, அடுத்த வாரம் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றாள். அடுத்த வாரம் சொன்னாள். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அவள்தான் வாத்தியார். பெயர் மட்டும் பல்கலைக்கழகத்துடையது.

இப்படி இருக்கும்போதுதான் போன ஞாயிறு மாப்பிள்ளை முன்னறிவிப்பில்லாமல் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு படியேறி, “என்னங்க மாமா, மண்டியில கொண்டாந்து உக்கார வெச்சிருக்கீங்க?” என்றார். பிறகு கதவுப் பக்கம் நின்றவளைப் பார்த்து, அத்தனை பேர் முன்னாலும், “எதுக்கு இந்தக் கஷ்டம்? பத்திரிகையில பி.ஏ.ன்னு போட்டுட்டா முடிஞ்சுது. எவன் வந்து சர்டிபிகேட் கேக்கப் போறான்? நீ என்ன வேலைக்கா போகப் போற?” என்றார். அப்போதுதான் அந்தப் போலீஸ்காரர் எழுந்து பணிவாக, “அப்படிங்களா சார்? அப்ப நானும் சட்டையில இன்ஸ்பெக்டர்னு போட்டுக்கலாங்களா?” என்று கேட்டுத் தொலைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை முகம் வற்றல் நிறமாக, படியிறங்கிப் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன், பஸ் ஏறிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் என் பெண் ஒன்றுமே நடக்காதது போல, விட்ட இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சம்பந்தி அவர்களே, அந்தப் போலீஸ்காரர் எங்களுக்கு உறவில்லை, எங்கள் சபையுமில்லை. அவர் பேசியதற்கு நான் தங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன். பல்கலைக்கழகத்தை நம்பி இரண்டு முறை கல்யாணத்தைத் தள்ளிப்போட்டீர்கள், இனியும் தள்ள வேண்டாம். மாப்பிள்ளை சொன்னபடியே பத்திரிகையில் பி.ஏ. என்று போட்டுக்கொள்ளுங்கள், நான் ஆட்சேபிக்கவில்லை. உபதேசியார் பொய் அச்சடித்தார் என்று ஊர் பேசினால் அதை நான் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்கிறேன். வருகிற ஞாயிறு முதல் பெண்ணை வகுப்புக்கு அனுப்பமாட்டேன். தை மாதத்தில், தவசு காலம் பிறக்குமுன், தாங்கள் ஒரு தேதி சொன்னால் போதும். எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள்.

தேவமாதாவின் அடைக்கலமும், சம்மனசுகளின் காவலும் தங்கள் குடும்பத்துக்கு என்றும் உண்டாவதாக. சம்பந்தியம்மாளுக்கு வேளாங்கண்ணியின் அன்பு. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், அவர் ஏற்றுக்கொள்வதாயிருந்தால்.

இப்படிக்கு,
தங்கள் ஊழியன்
மரியசூசை

பி.கு.: கையெழுத்துப் போட்டபின், முகவரி எழுதச் சொல்லி இதை இசபெல்லாவிடம் கொடுத்தேன். முழுவதையும் நின்றபடியே படித்தாள். அடுப்பில் போடப் போகிறாள் என்று நினைத்தேன். “நல்லாத்தாம்ப்பா எழுதியிருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு வுட்டுப்போச்சு” என்றாள். என்னம்மா என்றேன். “எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு எழுதல” என்றாள்.

என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, “இத்தன நாளா வாயில என்னடி வெச்சிருந்த?” என்று கத்தினாள். இவள் கத்தவில்லை. “இத்தன நாளா என்னை யாரும்மா கேட்டீங்க? அவரும் அன்னைக்கி எங்கிட்ட எதுவும் கேக்கல. அவரா முடிவு பண்ணி எனக்குச் சொல்லிட்டுப் போனாரு” என்றாள்.

சாமியார் இல்லாத ஞாயிறுகளில் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிறவன் நான்தான். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் சொல்லக் கடவீர்கள் என்று ஊரையே கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்குள் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் சுருக்கமாக எழுதுகிறேன் என்றேன். “வேணாம்ப்பா. நீங்க கெஞ்சினதும் அவங்களுக்குத் தெரியட்டும், நான் வேணாம்னதும் தெரியட்டும்” என்று, இதோ, ஒட்டுவதற்குச் சோற்றுப்பருக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

ஆகவே தைக்கு வேறு பெண் பார்த்துக்கொள்ளுங்கள். இவள் படித்து முடிக்க இன்னும் ஒரு வருடம் ஆகும். பேராசிரியர் திரும்பி வந்துவிட்டால் இரண்டு வருடம்.