இனிகோவின் ஏ பிரிவு ரத்தம்

கண்ணாடித் தகட்டில் ரத்தம் திரளவே இல்லை. இனிகோ இன்னொரு விரலையும் குத்திக்கொண்டான்.

மொரப்பூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவன் அவன். வத்தல்மலையில் விளைந்த டபுள் பீன்ஸிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்திருந்தான். ஏ பிரிவு ரத்த அணுக்களின் மேல் ஒருவகைச் சர்க்கரை இருக்கும். புரதம் அதைக் கவ்விப் பிடித்தால் அணுக்கள் திட்டுத்திட்டாகத் திரளும். அதே சர்க்கரையைத் தனியாகக் கலந்துவிட்டால், புரதம் அதைப் பிடித்துக்கொண்டு அணுக்களை விட்டுவிடும். நாளைக்குத் தருமபுரிக் கருத்தரங்கில் இதைத்தான் எல்லோர் முன்னாலும் செய்துகாட்ட வேண்டும். இதுவரை ரத்த வங்கி ரத்தத்தில் சரியாகவே வந்தது; இன்றுதான் முதல்முறையாகத் தன் ரத்தத்தில் ஒத்திகை பார்த்தான்.

“அண்ணா, உங்க ரத்தம் ஏ தானுங்களா?” என்றாள் கூட ஆராய்ச்சி செய்யும் சுகுணா.

“ஸ்கூல்ல இருந்தே ஏ. என்கிட்ட தப்பே இருக்காது. புரதம்தான் கெட்டுப்போச்சு.”

மாதக்கணக்கில் சேர்த்த புரதம் அத்தனையையும் தொட்டியில் கொட்டினான். கம்பைநல்லூருக்கு ஓடி, புது பீன்ஸ் வாங்கிவந்து அரைத்து வடிகட்டினான்.

திரளவில்லை.

“நீ பீன்ஸை வேகவெச்சு புரதத்தைக் கெடுத்துட்டியா?”

“இது லேபா, எங்க வூட்டு அடுப்படியா?” சுகுணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உப்புக் கரைசலை மாற்றினான். விரல் விரலாக பிளாஸ்திரி ஏறியது. கடைசியில் வழிகாட்டி சந்தியா மேடத்துக்கே போன் போட்டான்.

“மேடம், நம்ம முடிவே தப்புங்க. நாளைக்கு என் பேரை எடுத்துடுங்க.”

“இத்தனை வருஷ வேலைப்பா!” என்று கத்திவிட்டு அவர் வைத்துவிட்டார்.

சுகுணாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் விரலைக் குத்தி, தகட்டில் ஒரு சொட்டு வைத்தாள். “நானும் ஏ தான். போன மாசம் ரத்ததான முகாம்ல பாத்தாங்க.”

புரதம் பட்டதுமே ரத்தம் மணல்மணலாகத் திரண்டது. அடுத்த சொட்டில் சர்க்கரையையும் கலந்தாள். திரளவில்லை!

“முடிவு சரிதாண்ணா! பேரை எடுக்க வேணாம்னு மேடத்துக்கு மெசேஜ் போட்டுட்டேன்.”

இனிகோ குனிந்து உற்றுப் பார்த்தான்.

“உன் ரத்தத்துலதான் ஏதோ கோளாறு.”

“எனக்கா கோளாறு? உங்க ரத்தம் ஏ தானான்னு உங்கம்மாவையே கேளுங்க!”

ஜம்பமாக போனை ஸ்பீக்கரில் போட்டான். “அம்மா, என் ரத்தம் ஏ பிரிவுன்னு இவகிட்ட சொல்லும்மா.”

மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த அம்மா இசபெல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ரத்தமா? அதையெல்லாம் யாருடா பாத்தா? ஸ்கூல் கார்டு அடிக்கறப்ப, ‘பையன் எந்தப் பிரிவு?’ன்னு டீச்சர் கேட்டாங்க. நீ அஞ்சாவது ‘ஏ’ல தானே சாமி படிச்சே!”