பூதத்தோடு சேர்த்து ஐந்து பேர்

ஒரு மந்திரவாதி நெருப்பு மந்திரம் போடும்போது காலில் செருப்பு போட்டிருக்கலாமா, கூடாதா?

சிரிக்காதீர்கள். இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. இதற்கு ஒரு விடையை அவசரப்பட்டு எழுதித்தான் என் வீட்டுக்காரர் ஓட்டிய அச்சு மெஷினைக் கோடைக்காலம் முழுக்கத் துணி போட்டு மூட வைத்தேன். (நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். நான் சொல்லாவிட்டாலும் வீட்டில் யாராவது சொல்லிக் காட்டிவிடுவார்கள்.)

நாங்கள் இருப்பது சிவகாசியில். வீட்டுக்காரர் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். தீபாவளிக்கு முன்பு பட்டாசு லேபிள், அதன் பிறகு காலண்டர், டைரி. பொங்கல் முடிந்தால் வேலை ஓய்ந்துவிடும். அந்த வருடம் முதலாளி முன்கூட்டியே சொல்லிவிட்டார். "புது ஆர்டர் ஏதும் வந்தாப் பாப்போம். இல்லன்னா ஒரு மெஷின நிப்பாட்டணும்ப்பா." எந்த மெஷின் என்று அவர் சொல்லவில்லை. மற்ற மெஷின்களை ஓட்டுகிறவர்கள் அவருக்குச் சொந்தக்காரர்கள் என்பதால் நாங்களும் கேட்கவில்லை.

அப்போதுதான் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் என் கொழுந்தன் பிரபு லீவில் வந்தான். வந்தவன் சாப்பிட்டோம் தூங்கினோம் என்று இருந்திருக்கலாம். அவனும் அறைத் தோழர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாடும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொன்னான். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார். இருட்டுக் குகை, உள்ளே பூதம் என்று ஆரம்பிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வாள் வீரன், ஒருவர் மந்திரவாதி, இப்படி. என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் பலிக்கும், சின்ன எண் விழுந்தால் பலிக்காது. யாருக்கு எவ்வளவு வலு, எந்த மந்திரத்துக்கு என்ன செலவு என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு.

வீட்டுக்காரர் இதை முதலாளி காதில் போட்டார். முதலாளி மதுரையில் பொம்மை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி காதில் போட்டார். "பிள்ளைக முழுப் பரீட்ச லீவுக்கு நல்லாத்தான் இருக்கும். தமிழ்ல எழுதி, எனக்கு ஒருக்கா ஆடிக் காட்டுங்க. பிடிச்சிருந்தா லோடு லோடா எடுத்துக்கிடுதேன்" என்று அவர் சொல்லிவிட்டார்.

தமிழில் யார் எழுதுவது? வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீதான படிச்சவ."

கல்யாணமான பிறகு என் படிப்பை முதன்முதலாக ஒருவர் கேட்கிறார். அந்தப் பெருமையில் அன்றைக்கு ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

பாத்திரங்களை வகுப்பது எனக்குச் சுலபமாகவே வந்தது. சண்டை வராமல் பிள்ளைகளுக்கு மைசூர்பாகு பங்கு வைப்பது போலத்தான்; ஒருவருக்கு ஓரம் பெரிதாக இருந்தால் இன்னொருவருக்கு நெய் கூடுதலாக இருக்க வேண்டும். வாள் வீரன் எவ்வளவு அடியும் தாங்குவான், ஆனால் மெதுவாக நடப்பான். வைத்தியச்சி எந்தக் காயத்தையும் ஆற்றுவாள், ஆனால் கோபப்பட்டால் அவள் பச்சிலை பலிக்காது. ஒற்றன் பூட்டைத் திறப்பான், சுவர் ஏறுவான், ஆனால் மூச்சைப் பிடிக்கும் இடத்தில் தும்மிவிடுவான். மந்திரவாதிக்கு விடிந்ததும் பத்து மூச்சு. கொஞ்சம் வெளிச்சம் வரவழைக்க ஒரு மூச்சு, நெருப்புக்கு நான்கு. மூச்சு தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவர் வெறும் தாடிக்காரர்.

பிரபு படித்துப் பார்த்தான். "மதினி, சூப்பர்! ஒரே ஒரு விதி மட்டும் சேத்துக்கிடுங்க. நெருப்பு மந்திரத்துக்கு ஒண்ணு விழுந்தா, அது கைய மீறி வெடிச்சிரும். குகைக்குள்ள இருக்க எல்லாரும் அவுட். ஆபத்து இருந்தாத்தான் விறுவிறுப்பு. அம்புட்டுத்தான், இதோட விட்டிருங்க."

விட்டிருக்கலாம்.

அன்று நான் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் நிலா, அப்போது அவளுக்கு நாலு வயது, "அந்தத் தாத்தா தீயக் கையில பிடிச்சா சுடாதாம்மா?" என்று கேட்டாள்.

எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தேன். காரணம் உண்டு. என் அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறையில் வேலை பார்க்கிறாள். நான் அ, ஆ படிக்கும் முன்பே அவள் அறையின் சட்டங்களைப் படித்தவள். செருப்பை வெளியே விட வேண்டும். உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே இரும்பு கூடாது. ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே முடித்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது.

இவ்வளவு தெரிந்த நான் ஒரு கிழவரை இருட்டுக் குகைக்குள் செருப்புக் காலோடு நெருப்பைக் கையில் கொடுத்து அனுப்பலாமா? அதைப் பார்த்துப் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்ளும்? செருப்பு விதியை மட்டும் சேர்த்தேன். சேர்த்ததும் செம்புத் தகட்டை விட்டது தப்பாகப் பட்டது. தகட்டைச் சேர்த்தால் இரும்பு உறுத்தியது. சோறு வடிக்கும்போது ஒன்று, துணி அலசும்போது ஒன்று என்று ஈரக் கையோடு ஓடிவந்து எழுதினேன். பிரபுவிடம் காட்டவில்லை. (காட்டினால் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்துவிடுவான் என்று தெரியும்.)

அண்ணாச்சி வந்தார். அச்சகத்து ஆபீஸ் அறையில் காலண்டர் தாள்களை ஒதுக்கிவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அண்ணாச்சி மந்திரவாதி. முதலாளி வாள் வீரன். வீட்டுக்காரர் வைத்தியச்சி (வேறு யாரும் எடுக்கவில்லை). பிரபு ஒற்றன். நான் கதை சொல்லி. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி விரல் வெளுத்துப்போயிருந்தது.

ஆரம்பம் நன்றாகவே போனது. ஒற்றன் பூட்டைத் திறந்தான், தும்மினான், அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார். வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை லேசாகத் தட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். பூதம் எழுந்து நின்றது.

"நாலு மூச்சும் போகட்டும். நெருப்பு மந்திரம் போடுதேன்!" என்று அண்ணாச்சி பகடையை எடுத்தார்.

"செருப்பக் கழட்டணும்ங்க" என்றேன்.

அண்ணாச்சி பெரிய மனிதர். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து தன் சொந்தச் செருப்பையே கழற்றி மேசைக்கு அடியில் தள்ளினார். மந்திரவாதி கழற்றினால் போதும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"இப்பப் போடலாமா தாயி?"

"குகை வாசல்ல செம்புத் தகடு இருக்கும். அதத் தொட்டுட்டு வரணும்ங்க."

"பூதம் முன்னால நிக்கிதேம்மா?"

"அது நிக்கட்டும்ங்க."

போய்த் தொட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். பகடையை எடுத்தார். நான் எண்ணிப் பார்த்தேன். "உள்ள அஞ்சு பேரு இருக்கீக. நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாது."

"நாங்க நாலு பேருதான இருக்கோம்?"

"பூதத்தோட சேத்து அஞ்சுங்க."

பிரபு நெற்றியில் கையை வைத்துக்கொண்டான்.

"அப்பப் பூதத்த வெளிய போகச் சொல்லு" என்றார் முதலாளி.

"அது வெளிய போயிட்டா மந்திரம் எதுக்குங்க? நீங்கதான் போகணும். கையில வாள் இருக்குல்ல, இரும்பு."

முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஏம்ப்பா, என் ஆபீஸ்ல என்னய வெளிய நிக்கச் சொல்லுதாளா ஒம் பொண்டாட்டி?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார். கேட்டுவிட்டு நிஜமாகவே போய் வாசலில் நின்றார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் காலும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மெஷின் காகிதம் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது. அந்தச் சத்தமின்மை எனக்குக் கேட்டது.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் எழுதிய விதியை நானே மீறியதாகிவிடுமே என்று பயம். "இதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சுங்க. காலைல சேத்த மூச்சு ராத்திரிக்குச் செல்லாது. விடிஞ்சதும் புது மூச்சு வரும்" என்றேன்.

"அதுவரைக்கும் பூதம்?"

"காத்திருக்கும்ங்க."

"மதினி, பூதத்துக்கு ஒரு டீ சொல்லவா?" என்று பிரபு காதருகில் முனகினான்.

குகையில் ஒருவழியாக விடிந்தது. அண்ணாச்சி பகடையை உருட்டினார். அது மேசை விளிம்புவரை போய் நின்றது.

ஒன்று.

இப்போது நான் சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. வெடித்துவிட்டது, உள்ளே இருந்த எல்லோரும் போய்விட்டார்கள். வாயைத் திறந்தேன். வரவில்லை. எங்கள் ஊரில் அந்த வாக்கியத்தை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. அந்நேரம் அம்மா அந்த அறையில் உட்கார்ந்து பட்டாசுக்குள் மருந்து செலுத்திக்கொண்டிருப்பாள். வாசலில் நின்ற முதலாளிக்கும் ஒன்று விழுந்தால் என்ன என்பது தெரியும். அவர் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நமுத்துப் போச்சுங்க" என்றேன்.

"என்னது?"

"மந்திரம். நமுத்துப் போச்சு. குகைக்குள்ள ஈரம்."

அண்ணாச்சி பகடையைத் தள்ளிவைத்தார். பிறகு குனிந்து, காலால் துழாவிச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "தாயி, கோவிச்சுக்கிடாத. இந்த ஆட்டத்துல பூதம் ஒண்ணுதான் நிம்மதியா இருக்கு. அதுக்குத்தான் ஒரு விதியும் இல்ல."

அந்த ஆர்டர் வரவில்லை. மெஷினுக்குத் துணி போட்டார்கள். சீசன் தொடங்கும்வரை வீட்டுக்காரர் ஒரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லோடு ஏற்றப் போனார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மனசு ஆறாமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்த மந்திரவாதி நைலான் துணியா உடுத்தியிருந்தாரு?" என்றாள்.

மருந்து அறைக்குள் நைலானும் கூடாது. அதை எழுத மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இன்றும் எங்கள் வீட்டில் நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனால் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போய் நின்றுகொள்கிறார். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு ஐந்தாவது ஆள் வந்து நின்றால், "பூதத்தோட சேத்தா, சேக்காமலா?" என்று பிரபு கேட்கிறான். முதலாளிகூட, தீபாவளிக்கு இனிப்பு கொடுக்கப் போனால், "உள்ள வரலாமாம்மா?" என்று தன் ஆபீஸ் வாசலிலேயே நின்று கேட்கிறார்.

நிலா இப்போது மூன்றாம் வகுப்பு. அந்தத் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு தெருப் பிள்ளைகளோடு ஆடுகிறாள். பகடையில் ஒன்று விழுந்தால், "எல்லாரும் அவுட்டு! அடுத்த ஆட்டத்துல வந்துருங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறாள். உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் எனக்குத்தான் கத்தி நின்றுவிடுகிறது. போன வாரம் தாள்களைக் கொண்டுவந்து நீட்டினாள். "அம்மா, இந்த விதியெல்லாம் அடிச்சிரு. எவளும் மந்திரவாதியா வர மாட்டேங்கா."

தகட்டை அடித்தேன். இரும்பை அடித்தேன். நான்கு பேர் கணக்கையும், நிலா முறைத்த முறைப்பில், அடித்துவிட்டேன். செருப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது. அந்த வரிக்கு மேல் பேனாவை வைக்கும்போதெல்லாம் அம்மா வேலைக்குப் புறப்படுவது கண்முன் வந்துவிடுகிறது. சின்ன வயதில் அவளுக்குச் சோற்றுவாளி கொண்டுபோனால், அறை வாசலில் அவள் செருப்பு கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

பிள்ளை வளர்க்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். அந்தக் கிழவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போகட்டுமா, வாசலில் விட்டுவிட்டுப் போகட்டுமா? நிலா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பூதமும் நின்றுகொண்டே இருக்கிறது.