தேர்வாளரின் கைமேல் விழுந்த துண்டு

ஒரு வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போகிறவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அவர் சொல்வது சரியா தப்பா என்று பார்க்க வீட்டில் ஆள் இருக்காது. எங்கள் வீட்டில் அந்தப் பாக்கியசாலி நான். ஐந்தாம் வகுப்பிலேயே கரண்ட் பில்லை வாசித்தேன். ஏழாம் வகுப்பில் மாத்திரை அட்டைகளைப் பார்த்து எது காய்ச்சலுக்கு, எது வயிற்றுக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். (யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு நான் காரணமில்லை என்று இப்போது தெரிகிறது.) பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது, நான் தெரிந்துகொள்ள உலகத்தில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

அந்த முடிவோடுதான் கயத்தாறு தாண்டி நெடுஞ்சாலை ஓரம் இருந்த ஒரு கல்லூரியில் பொருள் வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்தேன். நாற்காலி, டிபன் பாக்ஸ், தண்ணீர்க் குடம் என்று அன்றாடம் புழங்கும் பொருள்களை எப்படிச் செய்தால் ஆட்களுக்குத் தோதாக இருக்கும் என்று யோசிக்கிற படிப்பு. இதை வீட்டில் விளக்கியபோது, "குடம் செய்யதுக்கா காலேஜு?" என்று அம்மா கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். எனக்குக் கோபம் வந்தது.

அப்பா குளத்தூர்ப் பக்கம் கரிசல் காட்டில் ஆடு மேய்க்கிறவர். மழை பெய்தால் உளுந்தும் விதைப்பார். அம்மாவின் தம்பி, என் மாமா, கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் எனக்காக ஒரு கம்ப்யூட்டரும் நாற்காலியும் பார்த்து வைத்திருந்தார். படிப்பை விட்டுவிட்டு வந்தால் போதும், உட்கார்ந்துகொள்ளலாம். முதல் வருடம் பாதி போயிருந்தபோது அப்பா போனில் பேசினார்.

"ஒம் மாமன் விடாமக் கேக்கான். நான் ஒரு நாளு அங்கன வந்து, நீ என்ன படிக்கன்னு கண்ணால பாக்குதேன். பாத்துட்டு மேக்கொண்டு சொல்லுதேன்."

ஆக, என் படிப்பு மிச்சமிருப்பதும் போவதும் அப்பாவின் ஒரு நாள் பார்வையில் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அப்பாவை ஒரு சாதாரண வகுப்பு நாளில் அழைத்துப்போய், நூலகத்தைக் காட்டி, கேன்டீனில் வடை வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். நான் ரிவ்யூ நாளைத் தேர்ந்தெடுத்தேன். சென்னையிலிருந்து தேர்வாளர் வருகிறார், பெற்றோர்கள் விரும்பினால் பின்வரிசையில் உட்காரலாம், நான் ஆங்கிலத்தில் பேசுவேன், அரங்கம் கைதட்டும், அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்வார். இத்தனையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

அன்று நாங்கள் காட்டவேண்டியது முதல் மாதிரிகளை. யோசனை மனசில் இருக்கும்போதே அட்டையிலும் சாக்கிலும் செய்து வைத்தால், தேர்வாளர் தூக்கிப் பார்த்து, எங்கே உதைக்கும் என்று சொல்வார். அதற்குத்தான் அது. கரடுமுரடாக இருந்தால் போதும், அழகு பார்க்க வேண்டாம் என்று வகுப்பாசிரியை மேடம் பல தடவை சொல்லியிருந்தார். அது சோம்பேறிகளுக்குச் சொன்னது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் பொருள் இதுதான்: மேய்ச்சலுக்குப் போன இடத்தில் ஆடு குட்டி போட்டுவிட்டால், மேய்ப்பவர் அந்தக் குட்டியைப் பொழுது சாயும்வரை கையிலேயே தூக்கிக்கொண்டு அலையவேண்டும். அதற்குப் பதில் முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு பை. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அட்டை தெரியாதபடி சுற்றிலும் வெள்ளி ஜிகினாத் தாள் ஒட்டினேன். விளிம்புக்குத் தங்க நிற லேஸ். தோளில் மாட்ட சிவப்பு சாட்டின் ரிப்பன். பார்ப்பதற்குச் சின்னச் சப்பரம் மாதிரி இருந்தது. சாமிக்குப் பதிலாக உள்ளே ஒரு ரோஸ் கலர் கரடி பொம்மை. (குட்டி கிடைக்கவில்லை. விடுதித் தோழியிடம் கரடிதான் இருந்தது.)

அப்பா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, தோளில் புதுத் துண்டு. செருப்பை அரங்கத்துக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். மேஜைமேல் வரிசையாக இருந்த அட்டைகளைப் பார்த்தார்.

"உன்னது எதுட்டீ?"

காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"உள்ள இருக்கது கரடியா?"

"குட்டின்னு வச்சுக்கிடணும்ப்பா."

"சரி" என்றார். நான் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் கரடியும் குட்டிதான்.

முதலில் பிரவீன் என்ற பையன் போனான். செல்போனைச் சாய்த்து வைக்க ஒரு அட்டைத் தாங்கி செய்திருந்தான். தேர்வாளர் தாடி வைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். அந்தத் தாங்கியை அவர் தொடக்கூட இல்லை. "நைஸ், வெரி நைஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைப் பார்த்தார். எல்லோரும் கைதட்டினோம். பிரவீன் சிரித்த முகத்தோடு தன் இடத்துக்குத் திரும்புகிற வழியில் அப்பா அவன் முதுகில் தட்டி, "மனச விட்டுராத தம்பி" என்றார்.

பிரவீன் திகைத்தான். நானும் திகைத்தேன். அப்பாவுக்கு ஆங்கிலம் புரியாததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது நான். மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலத்தின் இரண்டாவது வாக்கியத்திலேயே தேர்வாளர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். பையைத் தூக்கினார். எடை பார்க்கிறவர்போல ஆட்டினார். கவிழ்த்தார். கரடி விழுந்தது. அடியில் கட்டைவிரலால் அழுத்தினார். உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். முகம் கசாயம் குடித்தமாதிரி சுருங்கியது. பிறகு ஆரம்பித்தார். இந்த ரிப்பன் தோளை அறுத்துவிடும். பிறந்த குட்டி ஈரமாக இருக்கும், அட்டை ஊறிக் கிழிந்துவிடும். காலை எங்கே வைக்கும்? மூடிய பெட்டிக்குள் குட்டி போய்விட்டால் தாய் ஆடு அதைப் பார்க்குமா, பார்க்காவிட்டால் கூடவே வருமா? இது ஏன் இப்படி மின்னுகிறது?

"யாரிடமாவது கேட்டீர்களா?" என்றார்.

"எங்க வீட்டுல ஆடு இருக்கு சார்."

"இருக்கட்டும். ஆடு மேய்க்கிறவரிடம் கேட்டீர்களா?"

ஆடு மேய்க்கிறவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பதினெட்டு வருடமாக ஒரே வீட்டில் சாப்பிட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. படித்தவள் எதற்குக் கேட்கவேண்டும்? தீப்பெட்டி ஆபீஸின் நாற்காலி என்னைப் பார்த்துக் கையை நீட்டுவது போலிருந்தது. அப்பாவின் முகத்தில் எவ்வளவு ஏமாற்றம் இருக்குமோ என்று பயந்து பயந்து திரும்பினேன்.

அப்பா பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்த வேறு ஒரு மாணவியின் அம்மாவிடம், "நம்ம புள்ளயோடது" என்று என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நொடியில் எனக்கு விளங்கியது.

அப்பாவுக்குத் தெரிந்த ரிவ்யூ ஒன்றுதான், எட்டயபுரம் ஆட்டுச் சந்தை. அங்கே வாங்குகிற எண்ணம் இல்லாதவர்தான் "நல்ல கிடா" என்று சொல்லிவிட்டு நடப்பார். வாங்க வந்தவர் ஒருநாளும் நல்ல வார்த்தை சொல்லமாட்டார். ஆட்டைத் தூக்குவார், முதுகை அழுத்துவார், பல்லைப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார். கால் கோணல், வயிறு ஒட்டல் என்று அடுக்குவார். குறை கூடக்கூட விற்கிறவருக்கு நம்பிக்கை கூடும். ஆள் சிக்கிவிட்டார் என்று அர்த்தம். தேர்வாளர் பேசிய பாதி ஆங்கிலம் அப்பாவுக்குப் புரியவேண்டிய அவசியமே இல்லை. கையும் முகமும் போதும். பிரவீனைப் பார்த்து அவர் இரக்கப்பட்டதும் இதனால்தான்.

குறை சொல்லி முடித்தபிறகு சந்தையில் அடுத்து என்ன நடக்கும் என்று நினைவு வருவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். தோளிலிருந்த துண்டை உருவி வலது கைமேல் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். யாரோ ஒருவர் கைகுலுக்க வருகிறார் என்று நினைத்த தேர்வாளர், பாவம், சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

துண்டு இரண்டு கைகளின்மேலும் விழுந்தது.

அடுத்தவருக்குத் தெரியாமல் விரலைப் பிடித்து விலை பேசுவது சந்தை வழக்கம். இப்போது செல்போனில் எண்ணைத் தட்டிக் காட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள். அப்பாவுக்குத் துண்டுதான். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்கக்கூடாது என்பதால் அவர் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேர்வாளரின் முகம், பொந்துக்குள் கையை விட்டு எதையோ தொட்டுவிட்டவர் முகம் போல ஆனது. மேடம் எழுந்து நின்றார். துண்டுக்கடியில் ஏதோ நெளிந்தது.

"அது கட்டாது அண்ணாச்சி" என்றார் அப்பா, மின்விசிறியிடம்.

தேர்வாளர் கையை இழுத்தார். அப்பா விடவில்லை. மறுபடியும் நெளிந்தது.

"ஒங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். புள்ள கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கு. பாத்துச் சொல்லுங்க."

தேர்வாளர் இப்போது எல்லா விரல்களையும் சேர்த்து உதறினார். அது என்ன விலையோ, அப்பாவின் முகம் இறுகியது. "இதுக்குக் குடுக்கதுக்கு நான் வீட்டுக்கே கொண்டு போயிருவேன்" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டார். பையை எடுத்தார். கீழே கிடந்த கரடியைத் தூசி தட்டி உள்ளே வைத்தார். வாசலை நோக்கி நடந்தார்.

இதுவும் சந்தை வழக்கம்தான். விற்கிறவர் போவதுபோல் போகவேண்டும், வாங்குகிறவர் பின்னாலிருந்து கூப்பிடவேண்டும். அப்பா மிக மெதுவாக நடந்தார். வாசலில் நின்று, ஒரு செருப்பை மாட்டினார். காத்திருந்தார். இன்னொரு செருப்பை மாட்டினார். அரங்கத்தில் ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடவேண்டும் என்று அந்தச் சென்னைக்காரருக்கு எப்படித் தெரியும்? கூப்பிடாதபிறகு திரும்பி வந்தால் மரியாதை இல்லை. அப்பா போய்விட்டார். நான் வெளியே ஓடியபோது கோவில்பட்டி பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ரோஸ் கலர்க் கரடி தெரிந்தது.

திரும்பி வந்தபோது தேர்வாளர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் அவர்?"

"எங்க அப்பா சார்" என்றேன். ஆங்கிலம் மொத்தமும் மறந்துபோனதால், சந்தை, குறை, துண்டு, நடை எல்லாவற்றையும் எங்கள் ஊர்த் தமிழிலேயே சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது.

"நான் எவ்வளவுக்குக் கேட்டேன்?"

எனக்குத் தெரியவில்லை. பெண்பிள்ளைகளுக்கு அந்த விரல் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. மாதிரி இல்லாமல் மதிப்பெண் போடமுடியாது, அடுத்த வாரம் திரும்ப வருவேன், கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மாணவியிடம் போனார். அதற்குப்பிறகு அன்று அவர் யாருக்கும் கை கொடுக்கவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பஸ்ஸிலேயே மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். பொருள் விலை போகவில்லை. படிப்பும் இனித் தொடரப்போவதில்லை. வீட்டு வாசலில் மாமாவின் பைக் நின்றது. முடிந்தது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனால், முற்றத்தில் என் பை கிடந்தது. அதைப் பை என்று நான்தான் சொல்லவேண்டும். அடிப்பக்கமே இல்லை. ஜிகினாவெல்லாம் கரிசல் சேறு. ஒரு ரிப்பன் அறுந்து தொங்கியது. ஓரத்தில் கட்டியிருந்த புதுக் குட்டி ஒன்றின் காதில் வெள்ளித் தாள் ஒட்டியிருந்தது.

முந்தின நாள் காட்டில் ஆடு குட்டி போட்டிருக்கிறது. அப்பா பெருமையோடு குட்டியை அதில் வைத்து முதுகில் மாட்டியிருக்கிறார். கொஞ்ச தூரத்திலேயே அட்டை ஊறி, அடி பிய்ந்து, குட்டி சேற்றில் விழுந்தது. குட்டியைக் காணாத தாய் ஆடு, குட்டி போட்ட இடத்துக்கே திரும்பி ஓடிவிட்டது. ஈரக் கரிசலில் அதைத் துரத்திப் பிடித்து வர அப்பாவுக்குப் பொழுது சாய்ந்துவிட்டது. சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினார். ரிப்பன் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது.

"அந்த ஆளு என்னென்ன சொன்னாருன்னு மறுபடி சொல்லு" என்றார்.

சொன்னேன். அடுத்த வாரம் திரும்ப வருவதையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"அத்தனையும் நடந்துட்டு. ஆடே மேய்க்காம எப்படிட்டீ கண்டுபிடிச்சாரு?"

"அதைத்தான்ப்பா அங்க படிக்கோம்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமா இடம் பார்த்து நுழைந்தார். "அதான் ஒண்ணுத்துக்கும் ஆகலன்னு தெரிஞ்சிட்டுல்லா மச்சான். திங்கக்கெழம ஆபீஸுக்கு அனுப்பிருவமா?"

அப்பா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு ஆளு இத்தன குறை சொல்லிட்டுப் போயிருக்காரு. அடுத்த வாரம் திரும்ப வாரேன்னும் சொல்லிருக்காரு. இப்பப் போயி சந்தைய விட்டு ஆட்டுக் கயித்த அவுப்பானா ஒருத்தன்? அவ படிக்கட்டும்."

பிறகு என்னிடம் திரும்பி, "இனிமே எதுனாலும் செய்யதுக்கு முன்னால என்கிட்டயும் ஒரு வார்த்தை கேளு" என்றார். மாமா டீ குடித்துவிட்டுப் போனார். அந்த நாற்காலியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அந்தச் சேறும் சகதியுமான கந்தலை அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். தேர்வாளர் இன்னும் கொஞ்சம் குறை சொன்னார். இந்தத் தடவை நான் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் பாராட்டு என்பது வம்பாகிவிட்டது. குழம்பு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு முறைக்கிறாள். உப்பு கூடிப்போச்சு என்று சொன்னால் அப்பா தோளிலிருந்து துண்டை எடுக்கிறார். நான் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் தேர்வாளர் எத்தனை குறை சொன்னார் என்று தெருவே கேட்கிறது. குறைவாக இருந்தால் எனக்கே சொல்ல வெட்கமாக இருக்கும்.

இந்த வருடம் படிப்பு முடிகிறது. போன வாரம் கடைசி ரிவ்யூ. அதே தேர்வாளர். அதே பை, இப்போது தடித்த துணியில், தாய் ஆடு பார்க்கும்படி பக்கவாட்டில் வலை வைத்து, அப்பா மேய்ச்சலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துச் சரியென்று சொன்ன பை. அவர் தூக்கினார், கவிழ்த்தார், அழுத்தினார். நான் நோட்டும் பேனாவுமாக நின்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நோட்டை மூடினேன். வராந்தாவுக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அப்பா ஆடுகளை அதட்டிவிட்டுப் போனுக்குத் திரும்பினார்.

"ஒண்ணுமே சொல்லலியா?"

"ஒண்ணுமே சொல்லலப்பா."

"சரி, அழாத" என்றார் அப்பா. "அங்கன வேற ஆளு யாரும் நிக்காவளான்னு பாரு."