உஷ் அண்ணன் உட்கார்ந்து பார்த்த ஒரே ஆட்டம்

தமிழ்நாட்டிலேயே முறுக்கைச் சத்தமில்லாமல் தின்னத் தெரிந்தவர்கள் நெய்வேலி நகரியத்துக்காரர்கள்தான். சந்தேகம் இருந்தால் யாரையாவது கூப்பிட்டுக் கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துப் பாருங்கள். வாய்க்குள் ஊறவைத்து, ஒரு நொறுங்கல்கூட வெளியே கேட்காமல் விழுங்கிவிட்டு, உங்களைப் பார்த்துச் சிரிப்பார். எங்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தவர் ஒரே ஒரு மனிதர். சம்பளச் சீட்டில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. எல்லா பிளாக்கிலும் அவர் உஷ் அண்ணன்.

சுரங்கத்தில் அவர் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். நிலக்கரியைச் சுமந்துகொண்டு ஓடும் அந்த ரப்பர் பட்டையின் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவரிடம் மணி என்ன என்று கேட்கவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்தால் அங்கே அவர் மனைவி. அந்த அக்கா காய்க்காரனிடம் கத்தரிக்காய் விலை கேட்டால் மூன்றாவது தெருவில் இருக்கும் நாங்களும் விலை தெரிந்துகொள்வோம். ஊரே அவரை மைக் அக்கா என்றுதான் சொல்லும்.

"ஷிப்டுலயும் சத்தம், வூட்டுலயும் சத்தம். மனுசன் ஒரு எடத்துலயாவது நிம்மதியா இருந்துக்கினு போவக் கூடாதா டீச்சர்?" என்று என்னிடம் அவர் கேட்டிருக்கிறார். அந்த ஒரு இடமாக அவர் பிடித்துக்கொண்டது எங்கள் கிளப்பின் பூல் ஹால்.

பூல் தெரியாதவர்களுக்கு: பச்சைத் துணி விரித்த மேசை, ஆறு குழிகள், நீளக் குச்சி, கலர் கலராகப் பந்துகள். தன் பங்குப் பந்துகளை எல்லாம் குழியில் தள்ளிவிட்டு, கடைசியில் கறுப்புப் பந்தையும் தள்ளுகிறவர் ஜெயித்தார். எனக்கும் இதற்கு மேல் தெரியாது. மே மாதத்தில் அங்கே போட்டி நடக்கும். பல ஊர்களிலிருந்து இதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஆட்டக்காரர்கள் வருவார்கள். நான் போனது ஆட்டத்துக்காக இல்லை. மே மாதத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் தோசை வார்க்கலாம்; பூல் ஹாலில் ஏசி இருந்தது.

அந்த ஏசியைச் சண்டை போட்டு வாங்கியவரும் உஷ் அண்ணன்தான். அதற்கு முன்னால் நடந்த போட்டிகளில், பெரிய மனிதர்கள் முன்வரிசை சோபாவில் சாய்ந்திருப்பார்கள். ஆட்டக்காரர்கள் தங்கள் முறை வரும்வரை சுவரோரம் குச்சியை ஊன்றிக்கொண்டு, ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். அண்ணன் ஒருநாள் தனியாளாக இரண்டு சோபாவையும் இழுத்துக்கொண்டு போய் மேசைக்கு அந்தப் பக்கம் போட்டார். கிளப் செக்ரட்டரி பதறிப்போய் ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு இழுக்கிறீங்க?"

"யாரைக் கேட்டு அவங்கள நிக்க வெச்சீங்க? நம்பூருக்கு வெளையாட வந்தவன் நின்னுக்கினு கெடக்கான், வேடிக்க பாக்க வந்தவன் சோபாவுல படுத்துக்கினு கெடக்கான். நல்லாவா இருக்கு?"

செக்ரட்டரிக்கு நன்றாக இல்லை என்றே பட்டிருக்க வேண்டும். சோபா அங்கேயே இருந்துவிட்டது.

அடுத்து அவர் எங்கள் பக்கம் திரும்பினார். தேய்ந்து கழித்த பெல்ட் ரப்பரைக் கேட்டு வாங்கிவந்து, நடந்தால் சத்தம் கேட்காமலிருக்கத் தரை முழுக்க விரித்தார். செருப்பு வெளியே. சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்ற வேண்டும். பெண்கள் வளையலை மேலே ஏற்றிக் கட்டிக்கொள்ளத் துணி நாடா. வாசலில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி, செல்போன்களைப் போட. வெளிச்சம் மேசையில் அடிக்கிறது, போகிறவன் வருகிறவன் எட்டிப் பார்க்கிறான் என்று ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டினார். கை தட்டவும் ஒரு முறை இருந்தது. பந்து விழுந்ததும் தட்டிவிடக் கூடாது. அவர் உதட்டில் வைத்த விரலை எடுத்து, 'தட்டுங்க' என்று சொன்ன பிறகுதான் தட்ட வேண்டும்.

இருமினால் வெளியே. அதற்கு அப்பீல் கிடையாது. என் வீட்டுக்காரர் ஒருமுறை லேசாகக் கனைத்ததற்கு, சொந்த மச்சானை அனுப்புகிற மாதிரி தோளில் கைபோட்டு அழைத்துப்போய் வாசலில் விட்டுவிட்டு வந்தார். செக்ரட்டரியும் ஒருநாள் அந்த வழியில் போனவர்தான். ஒரு வருஷம் மிகப் பெரிய அதிகாரி ஒருவர் போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். உஷ் அண்ணன் வாளியை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். மெமோ நிச்சயம், மனிதருக்கு அடுத்த ஷிப்ட் எங்கே என்றுதான் பேச்சு. மெமோ வரவில்லை. அதிகாரி மறுநாள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

வெளியூர் ஆட்டக்காரர்களைத் தங்கவைப்பதும் அவர் வேலையாகிவிட்டது. சேலத்துப் பையன் ஒருவன், குச்சிப் பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் படுத்திருந்ததைப் பார்த்தவர், அப்படியே எழுப்பித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். அதிலிருந்து அவன் வருஷா வருஷம் அங்கேதான் இறங்குவான். சேலம் என்றே கூப்பிடுவோம். மற்ற ஊர்களில் பன்னும் டீயுமாகச் சாப்பிட்டுவிட்டு ஆடினவனுக்கு இங்கே மைக் அக்கா கையால் மூன்று வேளையும் சோறு. முதல் வருஷம் அதுவே வினையானது. பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தை அக்கா அரிய உட்கார, இவன் மரியாதைக்கு உதவி செய்யப் போனான். கையெல்லாம் பிசின். குச்சி விரலை விட்டு நகரவில்லை. பிசின் போக அக்கா தேங்காயெண்ணெயைத் தடவிவிட, குச்சி விரலில் நிற்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தான்.

"ஆட்டம் போனா போவுது, பழம் எப்படி இருந்துச்சு?" என்று அக்கா கேட்டது கிளப்பு வரை கேட்டது.

இத்தனை வருஷத்தில் உஷ் அண்ணன் ஒரு ஆட்டம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடிதான் நிற்பார். எங்கே வளையல் அசைகிறது, எவன் பொட்டலம் பிரிக்கிறான் என்பதிலேயே அவர் கண் இருக்கும். பந்து விழுந்ததா என்பதை எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

அவருடைய கடைசி மே மாதம் வந்தது. மாதம் முடிந்தால் ரிட்டயர்மென்ட். நகரியத்தில் வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவர் சேத்தியாத்தோப்புப் பக்கம் அண்ணன் தம்பிகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். சொல்லும்போதே இருமினார். சித்திரையில் பிடித்த இருமல். ஏசிக் காற்று ஆகாது, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போட்டி நடந்த நாட்களில் எல்லாம் வாசலில் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டார்.

இறுதி ஆட்டத்துக்கு முதல்நாள் என்னிடம் வந்தார்.

"டீச்சர், ஒரு ஒதவி. நாளைக்கு எனக்கு முன்வரிசையில ஒரு சேர் போடச் சொல்லணும். இத்தினி வருசமா ஒங்க மூஞ்சியயே பாத்துக்கினு இருந்துட்டேன். ஒரு ஆட்டமாவது பந்தப் பாக்கணும். வூட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டா அப்புறம் என்னை யாரு கூப்புடப் போறாங்க?"

"இருமல் வந்தா என்ன அண்ணே பண்ணுவீங்க?"

"வராது. சொல்லி வெச்சிருக்கேன்."

யாரிடம் சொல்லி வைத்தாரோ. மறுநாள் மத்தியானம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கன்னத்தில் பனங்கற்கண்டை அதக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் நான், மறுபக்கம் மைக் அக்கா. அக்கா வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தார். மேசையில் நம் சேலமும், சென்னையிலிருந்து வந்த ஒரு ஆட்டக்காரரும். அண்ணன் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு பார்த்தார். "சும்மா வழுக்கிக்கினு போவுதே டீச்சர்" என்று ரகசியமாகச் சொல்லிவிட்டு, பேசியதற்காகத் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டார்.

இருவரும் சமமாக வந்து, கடைசி ஆட்டத்தில் சேலத்துக்குக் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். அவன் மேசைமேல் குனிந்தான். பக்கத்து நாற்காலி ஆட ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் காது இரண்டும் சிவந்து, கண் பிதுங்கி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். இருமல் விரலிடுக்கில் வெடித்துக்கொண்டு வந்தது.

அவராகவே எழுந்தார். தன் உதட்டில் விரலை வைத்தார். வழக்கமாக எங்களுக்குக் காட்டுகிற மாதிரி தனக்கே வாசலைக் காட்டிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவும் பின்னாலேயே ஓடினார். ஜன்னல் வழியாகவாவது பார்க்கலாம் என்றால் முடியாது. அவர் ஒட்டிய கறுப்புத் தாள் அவ்வளவு கச்சிதம்.

சேலம் மறுபடி குனிந்தான். அப்போது சாத்தின கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஊரெல்லாம் ஒக்காந்து பாக்குது. இந்த மனுசனுக்கு ஒரு ஆட்டம் பாக்கக் குடுத்து வைக்கலியே."

சேலம் நிமிர்ந்தான். குச்சியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான்.

"அண்ணா, உள்ள வாங்க."

"போய் ஆடுறா. இருமுறவன் வெளிய. செக்ரட்டரியையே அனுப்பியிருக்கேன், எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"நீங்க வந்து உக்காந்தாத்தான் அடிப்பேன். இல்லாட்டி அவரே ஜெயிச்சுட்டுப் போகட்டும்."

சென்னைக்காரர் சோபாவில் சாய்ந்துகொண்டு, "நான் வெயிட் பண்றேன். அவர் வீட்ல நானும் சாப்பிட்டிருக்கேன்" என்றார். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனாலும் அண்ணன் வாசற்படியைத் தாண்டுவதாக இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். எழுந்துபோய் ஏசியை அணைத்தேன்.

"டீச்சர், மே மாசம்" என்றார் செக்ரட்டரி.

"எனக்குத் தெரியாத மே மாசமா? ஏசியாலதானே அவருக்கு இருமல். எல்லா ஜன்னலையும் திறங்க."

ஒருவர் எழுந்தார், பிறகு நாலு பேர், பிறகு எல்லோரும். கறுப்புத் தாளைப் பரபரவென்று கிழித்தார்கள். வெளியிலிருந்து அனல் காற்று வந்தது. கூடவே பஸ் ஹாரன், காக்கா, தண்ணி லாரி, அனல் மின் நிலையத்தின் இரைச்சல் எல்லாம் வந்தன. ஏசிக்காகவே வந்த அத்தனை ஜனமும், நான் உட்பட, வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருவர்கூடக் கிளம்பவில்லை. அண்ணன் வெந்நீர் குடித்து, இருமல் அடங்கியதும் மெதுவாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

சேலம் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அடித்தான். கறுப்புப் பந்து அவசரமே இல்லாமல் ஓடி, மூலைக் குழி விளிம்பில் தயங்கி, விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை. அவர் சொல்ல வேண்டுமே. அவரோ இரண்டு கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. நாங்கள் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

"யோவ், வுழுந்துடுச்சுய்யா. சொல்லேன், தட்டட்டும்" என்றார் அக்கா.

"தட்டுங்க" என்றார். அந்தக் கைதட்டல் மாதிரி ஒன்றை அதற்குப் பிறகு நான் எங்கும் கேட்கவில்லை. சேலம் கோப்பையோடு ஓடிவந்தான். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனிடம் கேட்டது, "காலையில ஒழுங்கா சாப்டியா நீ?"

அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். கொஞ்ச வருஷத்தில் நாங்களும் சென்னைக்கு வந்துவிட்டோம். நகரியத்தில் வாழ்ந்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. எங்கள் குவார்ட்டர்ஸில் இப்போது வேறு யாரோ கோலம் போடுகிறார்கள். மே மாதம் வந்தால் எனக்கு அந்த ரப்பர்த் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் போலிருக்கும்.

போன மாதம் இங்கே ஒரு பெரிய ஹாலில் பூல் போட்டி என்று கேள்விப்பட்டுப் போனேன். குளுகுளுவென்று மெத்தை நாற்காலி. ஆட்டக்காரர் குனியும்போது எனக்குப் பின்னால் ஒருவர் போனில் வீட்டு வாடகை பேசிக்கொண்டிருந்தார். பாட்டு வேறு அலறியது. ஆட்டக்காரர்கள் இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். மனசு கேட்காமல் சேத்தியாத்தோப்புக்குப் போன் போட்டு அண்ணனிடம் சொன்னேன்.

"படிக்கட்டுலயா? நீங்க பாத்துக்கினா இருந்தீங்க டீச்சர்?" என்றார்.

மறுநாள் பெரிய தூக்கு நிறைய எலுமிச்சை சாதம் கிளறி எடுத்துக்கொண்டு போனேன். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்று செக்யூரிட்டி தடுத்தார். சரி என்று நானும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தட்டில் போட்டுக் கொடுத்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த ஒரு பெண், இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டே, "நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டாள்.

"நான் நெய்வேலிம்மா" என்றேன். அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தேன். உஷ் அண்ணனும் என் பக்கத்தில் நின்று பரிமாறியிருக்க வேண்டும் போலிருந்தது.